பைன்ஃபோனில் எக்ஸ் சர்வரை விட்டு வேலண்டுக்கு மாறும் முறை

லினக்ஸில் ஓடும் பைன்ஃபோன் கைபேசியில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற இயங்குதளத்தை நிறுவி, அதில் எஸ்எக்ஸ்எம்ஓ இடைமுகத்தை டிடபிள்யூஎம் வடிவில் பயன்படுத்துபவர்கள் அதே இடைமுகத்தின் ஸ்வே வடிவுக்கு, அதாவது எக்ஸ் சர்வரிலிருந்து வேலண்டுக்கு, மாறுவதற்கான வழிமுறை இது. எக்ஸும் வேலண்டும் நிரல்களின் சாளரங்களைத் திரையில் காட்டும் இரு வேறு முறைகள். டிடபிள்யூஎம் எக்ஸில் ஓடும் சாளர மேலாளர், ஸ்வே வேலண்டில் ஓடுவது. எக்ஸின் இன்றைய வடிவமான எக்ஸ்11 வெளிவந்தது 1987இல். வேலண்டுக்கான வேலை தொடங்கியது 2008இல். எக்ஸில் திரையை ஆளும் சர்வரும் சாளரங்களை அடுக்கும் மேலாளரும் தனித்தனி நிரல்கள். வேலண்டில் காம்போசிட்டர் என்ற ஒரே நிரல் (இங்கே ஸ்வே) இரண்டு வேலைகளையும் பார்த்துக்கொள்கிறது. ஆகவே சர்வரை மட்டும் கழற்றி மாட்ட வழியில்லை. சாளர மேலாளர், திரை விசைப்பலகை, திரைப்பிடிப்புக் கருவி எல்லாமே கூடவே மாறும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

முதலில் வன்பொருள் இடம் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெர்மினலைத் திறந்து, தேவ் அடைவுக்குள் இருக்கும் டிஆர்ஐ அடைவைப் பட்டியலிட்டால், கார்டு என்று தொடங்கும் ஒரு கோப்பாவது தென்பட வேண்டும். கிராஃபிக்ஸ் சிப்புக்கான டிரைவரும் வேலை செய்தால் ரெண்டர்டி128 என்ற கோப்பும் இருக்கும். பைன்ஃபோனின் ஆல்வின்னர் ஏ64 சிப்பில் உள்ள மாலி-400க்கான லிமா டிரைவர், 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்தே லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இருப்பதால், இங்கே சிக்கல் வராது. ஆண்ட்ராய்டுக்காகத் தயாரிப்பாளர் கொடுத்த பழைய கர்னலிலேயே ஓடும் கைபேசிகளின் கதை வேறு. அவற்றில் பல வெறும் ஃபிரேம்பஃபரை (திரைக்குப் போகும் படத்தை வைக்கும் நினைவகப் பகுதியை) மட்டுமே தருகின்றன. எக்ஸ் சர்வர் அதை வைத்தே சமாளித்துவிடும், ஸ்வே எழும்பாது. அப்படிப்பட்ட கைபேசி வைத்திருப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்து, திரை இருண்டுபோனாலும் உள்ளே நுழைய ஒரு வழி வேண்டும். கைபேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியுடன் இணைத்து, 172.16.42.1 என்ற முகவரிக்கு எஸ்எஸ்ஹெச் (இன்னொரு கருவியிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் இணைப்பு) வழியாக நுழைய முடிகிறதா என்று பாருங்கள். கைபேசியை ஒருமுறை மறுதொடக்கம் செய்த பிறகும் அதே வழி திறக்கிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் மேற்கொண்டு எதையும் தொடாதீர்கள். பைன்ஃபோன் உள்சேமிப்பகத்துக்கு முன்பாக மெமரி கார்டைத்தான் தேடும் என்பதால், கார்டில் இன்னொரு பிரதியை நிறுவி அதில் இந்த மாற்றத்தைச் செய்து பார்ப்பது இன்னும் பாதுகாப்பானது.

பேக்கேஜ் நிறுவுவதற்கு முன், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸின் பேக்கேஜ் மேலாளரான ஏபிகேயின் கட்டளையை சிமுலேட் தெரிவுடன் ஓட்டினால், எவை சேரும், எவை நீங்கும் என்பதை எதையும் மாற்றாமலே காட்டிவிடும். பட்டியலில் எதிர்பாராத நீக்கம் எதுவும் இல்லையென்றால் எஸ்எக்ஸ்எம்ஓவின் ஸ்வே வடிவுக்கான யுஐ பேக்கேஜை நிறுவுங்கள். பழைய டிடபிள்யூஎம் பேக்கேஜை இப்போது நீக்க வேண்டாம். எந்த அமர்வு தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது டைனிடிஎம் என்ற உள்நுழைவு மேலாளர். அதன் செட்-செஷன் கட்டளைக்கு, வேலண்ட்-செஷன்ஸ் அடைவில் உள்ள எஸ்டபிள்யூஎம்ஓ (எஸ்எக்ஸ்எம்ஓவின் ஸ்வே வடிவு) கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து, பிறகு மறுதொடக்கம் செய்யுங்கள். உங்கள் பதிப்பில் வேறு உள்நுழைவு மேலாளர் இருந்தால் அதிலேயே அமர்வைத் தேர்ந்தெடுக்கலாம்.

மாற்றம் நடந்ததா என்று அறிய, எக்ஸ்டிஜி செஷன் டைப் என்ற சூழல் மாறியின் மதிப்பைப் பாருங்கள். வேலண்ட் என்று வர வேண்டும். கைபேசியின் டெர்மினலிலேயே இதைப் பார்க்க வேண்டும். எஸ்எஸ்ஹெச் இணைப்பு தனியொரு அமர்வு என்பதால் அங்கே கிடைக்கும் பதிலை நம்ப முடியாது.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான் இருக்கிறது. திரை விசைப்பலகை எஸ்விகேபிடியிலிருந்து டபிள்யூவிகேபிடிக்கும், டெர்மினல் எஸ்டியிலிருந்து ஃபுட்டுக்கும் இடைமுகத்தோடு தாமாகவே மாறிவிடும். விரலசைவுகளைக் கவனிக்கும் லிஸ்ஜிடி இரண்டிலும் வேலை செய்யும். ஆனால் நீங்களே எழுதிவைத்த ஸ்கிரிப்டுகள் மாறாது. திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ரேண்ட்ஆர் இருக்கும் இடத்தில் டபிள்யூஎல்ஆர்-ரேண்ட்ஆரையும், திரைப்பிடிப்புக்கான ஸ்கிராட் இருக்கும் இடத்தில் கிரிமையும், நகலெடுத்து ஒட்ட உதவும் எக்ஸ்கிளிப்புக்குப் பதிலாக டபிள்யூஎல்-கிளிப்போர்டையும், எழுத்துகளைத் தட்டச்சு செய்ய மட்டும் எக்ஸ்டூடூலைப் பயன்படுத்தியிருந்தால் டபிள்யூடைப்பையும் நீங்களே போட வேண்டும். எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பில் செய்த வண்ண, எழுத்துரு அமைப்புகளை ஸ்வே கண்டுகொள்ளாது. திரையைத் திருப்புவதில் மட்டும் கணிசமான ஆறுதல் உண்டு. எக்ஸில் திரையைத் திருப்பினால் தொடுபுள்ளிகளைத் தனியாக எக்ஸ்இன்புட் கொண்டு திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் மேலே தொட்டால் பக்கவாட்டில் அழுந்தும். ஸ்வேயில் தொடுதிரையைத் திரையுடன் ஒருமுறை பிணைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே திரும்பும்.

வேலண்டை அறியாத பழைய செயலிகள், வேலண்டுக்குள் ஓடும் எக்ஸ் சர்வரான எக்ஸ்வேலண்ட் வழியாக ஓடும். 720க்கு 1440 புள்ளிகள் கொண்ட இந்தத் திரையில் அளவை இரண்டு மடங்காக வைத்திருந்தால் அவை மங்கலாகத் தெரியும், ஏனெனில் அவை சிறிய அளவில் வரையப்பட்டுப் பிறகு பெரிதாக்கப்படுகின்றன. கியூடி நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்ட செயலிகள் வேலண்டில் நேரடியாக ஓட கியூடி கியூபிஏ பிளாட்ஃபார்ம் மாறிக்கு வேலண்ட் என்று மதிப்பிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் 121க்கு முந்தைய பதிப்பென்றால் மாஸ் எனேபிள் வேலண்ட் மாறிக்கு 1 தர வேண்டும்.

திரை கறுப்பாகவே நின்றால் பதற வேண்டியதில்லை. எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து, இல்ல அடைவில், புள்ளியுடன் தொடங்கும் லோக்கல் அடைவின் ஸ்டேட் அடைவுக்குள் இருக்கும் டைனிடிஎம் பதிவுக் கோப்பைப் படியுங்கள். திரையையும் உள்ளீட்டுக் கருவிகளையும் பயனருக்குத் திறந்துவிடும் சீட்-டி அல்லது இ-லாகின்-டி சேவை ஓடாததும் இதற்குக் காரணமாகலாம். சேவை ஓடியும் பயனில்லையென்றால், டபிள்யூஎல்ஆர் ரெண்டரர் மாறிக்கு பிக்ஸ்மேன் (கிராஃபிக்ஸ் சிப்பை நாடாமல் படம் வரையும் முறை) என்று கொடுத்துத் தொடங்கிப் பாருங்கள். அப்போது படம் வந்தால் குறை கிராஃபிக்ஸ் டிரைவரின் பக்கம் இருக்கிறது. எதுவும் சரிவராவிட்டால், எக்ஸ்செஷன்ஸ் அடைவில் உள்ள எஸ்எக்ஸ்எம்ஓ கோப்பை மீண்டும் அமர்வாக வைத்தால் பழைய திரை திரும்பிவிடும். பழைய பேக்கேஜை வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அழைப்பு எடுப்பது, குறுஞ்செய்தி அனுப்புவது, உறக்கத்திலிருந்து திரை எழுவது ஆகிய மூன்றும் தடங்கலின்றி நடக்கின்றன என்று தெரிந்த பிறகு டிடபிள்யூஎம் பேக்கேஜை ஏபிகே டெல் கட்டளையால் நீக்கலாம். அதன் பின் இடிசி அடைவின் ஏபிகே அடைவில் உள்ள வேர்ல்ட் கோப்பைத் திறந்து, இரு வடிவுகளில் ஸ்வே வடிவின் பெயர் மட்டுமே அதில் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெயர் அங்கே இருந்தால் அடுத்த பதிப்பேற்றத்தின்போது எக்ஸ் சர்வர் மறுபடியும் வந்து அமர்ந்துகொள்ளும்.