புளோரன்ஸில் ஒரே நாளில் ஒரு பழைய வீடும் ஒரு பட்டறையும்: எப்படிப் பார்ப்பது?

இத்தாலியின் புளோரன்ஸுக்கு வருகிற என் சொந்தக்காரர்கள் எல்லோரும் கையில் ஒரே பட்டியலோடுதான் வந்து இறங்குகிறார்கள். தூமோ பேராலயம், உஃபீத்ஸி ஓவியக்கூடம், தாவீது சிலை, போன்தே வெக்கியோ பாலம். சரி, அதெல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஒரு நாளை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்வேன். அன்றைக்குக் காலையில் ஒரு பழைய வீடு. மாலையில், அந்த வீட்டுக்குள் பார்த்த வேலைப்பாடுகளில் ஒன்றை இன்னமும் கையால் செய்துகொண்டிருக்கிற ஒரு பட்டறை. வரிசையை மாற்றிவிடாதீர்கள். நேராகப் பட்டறைக்குள் போய் நின்றால் விலைச்சீட்டுதான் முதலில் கண்ணில் படும்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் பட்டறைகள் பூட்டியிருக்கும், பாதி நாள் வீண். திங்கள் காலையில் பல கடைகள் திறப்பதில்லை. செவ்வாய் முதல் வெள்ளி வரை நல்லது. மதியம் ஒரு மணி வாக்கில் ஷட்டரை இறக்கினால் மூன்றரைக்கோ நாலுக்கோதான் மறுபடி ஏற்றுவார்கள். ஆகஸ்ட் பதினைந்தை ஒட்டிய வாரங்களில் கைவினைஞர்கள் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஆகஸ்டில் வருவதாக இருந்தால் வீடுகளை மட்டும் திட்டத்தில் வையுங்கள். மே மாதத்தில் வந்தால் யோகம்: தனியார் மாளிகைகளின் முற்றங்களையும் தோட்டங்களையும் வார இறுதியில் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் இருக்கிறது. பழைய வீடுகளின் சொந்தக்காரர்கள் சங்கம் தேதியை அறிவிக்கும்.

அடுத்தது முகவரி. இந்த ஊரில் ஒரே தெருவில் இரண்டு வரிசை எண்கள் ஓடுகின்றன. குடியிருப்புகளுக்குக் கறுப்பு அல்லது நீல எண், கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் சிவப்பு எண். எழுதும்போது சிவப்பு எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய ‘ஆர்’ எழுத்து போடுவார்கள். கறுப்பு இருபதும் சிவப்பு இருபதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, தெருவின் இரண்டு கோடியில்கூட இருக்கலாம். போனில் வழி தேடும்போது அந்த எழுத்தையும் சேர்த்துத் தட்டுங்கள். இல்லையென்றால் யாரோ ஒருவர் வீட்டு அழைப்புமணி முன்னால்தான் போய் நிற்பீர்கள்.

காலையில் எந்த வீடு?

ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் வியா போர்த்தா ரோஸ்ஸா தெருவில் இருக்கும் பலாஸ்ஸோ தவன்ஸாத்தி மாளிகை. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் தவிஸ்ஸி குடும்பம் கட்டியது, 1578இல் தவன்ஸாத்தி குடும்பம் வாங்கியது. உயரமாக, ஒடுக்கமாக, கோபுரம் மாதிரி நிற்கும். உள்ளே போனதும் ஓவியத்தைத் தேடாமல் கிணற்றைத் தேடுங்கள். சுவருக்குள்ளேயே குழாய் மாதிரி மேலே ஏறுகிற ஒரு தண்டு, ஒவ்வொரு மாடியிலும் அதற்கு ஒரு வாய், கயிறும் உருளையும் போட்டு அங்கங்கே வாளியை இழுத்துக்கொள்ளலாம். என் பெரியம்மா அந்தத் திறப்புக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, “அப்போ இவங்க வீட்டு வேலைக்காரி குடத்தோட மாடி ஏறலையா?” என்று கேட்டார். அந்த வீட்டில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். தண்ணீர் மாடிக்கு மாடி கிடைப்பது அந்தக் காலத்தில் பெரிய செல்வம். படுக்கையறைகளை ஒட்டிக் கழிப்பறையும் இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

பிறகு கிளி அறை. சுவரில் துணி தொங்குவது போல, மடிப்போடு, வரிசை வரிசையாகக் கிளிகளோடு வரைந்திருப்பார்கள். முதல் மாடிப் பெரிய கூடத்தின் தரையில் மூடி போட்ட துளைகள் உண்டு. கீழே வாசலுக்குள் எதிரி புகுந்தால் மேலிருந்து எதையாவது போடுவதற்கு. அடுப்படி உச்சி மாடியில் இருக்கிறது: புகையும் வாடையும் மேலேயே போகும், தீப்பிடித்தாலும் கீழ்மாடிகள் தப்பும். மேல்மாடிகளுக்குக் குறிப்பிட்ட நேரங்களில்தான், ஊழியரோடு சேர்ந்து போக முடியும். முன்பதிவு செய்யும்போதே அதைக் கேட்டுவிடுங்கள். மரச்சாமான்கள் எல்லாம் இந்த வீட்டிலேயே பரம்பரையாக இருந்தவை என்று நினைத்துவிட வேண்டாம். எலியா வோல்ப்பி என்ற பழம்பொருள் வியாபாரி 1904இல் வீட்டை வாங்கிச் செப்பனிட்டு 1910இல் காட்சிக்குத் திறந்தார். அப்புறம் சேர்த்துவைத்ததை அமெரிக்காவில் ஏலம் போட்டார். இன்றைக்கு இருப்பவை பின்னால் சேர்ந்தவை. வீட்டின் நிஜமான சொத்து சுவரும் கிணறும்தான்.

மற்ற வீடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியா தே பெஞ்சியில் உள்ள ஹோர்ன் அருங்காட்சியகம், ஹெர்பர்ட் ஹோர்ன் என்ற ஆங்கிலேயர் 1911இல் வாங்கித் தன் சேகரிப்பை வைத்த மாளிகை. மரவேலை பிடித்தவர்களுக்கு ஏற்றது, இங்கேயும் சமையலறை மேல்மாடியில். காஸா மார்த்தெல்லி 2009இல்தான் அருங்காட்சியகமாகத் திறந்தது. சுவர் தெரியாத அளவுக்குப் படங்களும் தங்கச் சட்டங்களும். தங்கமுலாம் பட்டறைக்குப் போகப்போகிறீர்கள் என்றால் காலையில் இங்கே வந்துவிடுங்கள். குறிப்பிட்ட நாட்களில் வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். வியா கிபெல்லினாவில் காஸா புவனரோத்தி, 1508இல் மைக்கேலாஞ்சலோ வாங்கிய இடம். அவர் இளம் வயதில் செதுக்கிய இரண்டு பளிங்குச் சிற்பங்களும், ஆர்தெமீசியா ஜென்திலெஸ்கி கூரையில் வரைந்த ஓவியமும் உண்டு. வீடு என்ற உணர்வு மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

ஆற்றைக் கடக்கும்போது

பட்டறைகள் பெரும்பாலும் ஆர்னோ ஆற்றுக்குத் தெற்கே, ஒல்த்ரார்னோவில். போன்தே வெக்கியோ வழியாகப் போகாதீர்கள். கூட்டம் ஒரு காரணம். இன்னொன்று, 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் படை அந்தப் பாலத்தை விட்டுவைத்து, அதன் இரு முனைகளிலும் இருந்த பழைய வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தது. அங்கே இன்று பார்ப்பது பெரும்பாலும் போருக்குப் பிந்திய கட்டடங்கள். சாந்தா த்ரினிதா பாலம் வழியே போங்கள். அதுவும் தகர்ந்ததுதான், ஆனால் ஆற்றிலிருந்து மீட்ட கற்களையும் சேர்த்து 1958இல் பழையபடியே கட்டி முடித்தார்கள்.

பாலம் இறங்கினால் வியா மாஜ்ஜோ. 26ஆம் எண் வீட்டின் முன் நின்று அண்ணாந்து பாருங்கள். இந்த ஊரை ஆண்ட மெதிச்சி குடும்பத்துப் பிரான்செஸ்கோ மணந்துகொண்ட பியான்கா கப்பெல்லோவின் வீடு அது. முகப்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சித்திரம். அதைத் தூரிகையால் எழுதவில்லை. அடியில் கருநிறச் சாந்து, அதன் மேல் வெளிர் சுண்ணாம்புப் பூச்சு, ஈரம் காய்வதற்குள் மேல்பூச்சைக் கீறி அடிநிறத்தை வெளியே கொண்டுவருகிற வேலை. நடக்கும்போது சுவர்களில், இடுப்பு உயரத்தில், சின்னக் கோயில் மாடம் போல வளைந்த ஓட்டைகளும் தென்படும். மாளிகைக்காரர்கள் தங்கள் தோட்டத்து ஒயினைத் தெருவில் நிற்பவருக்கு நேரடியாக விற்ற ஜன்னல்கள் அவை. 2020 கொரோனா நேரத்தில் சிலர் அவற்றை மறுபடி திறந்து காப்பியும் ஐஸ்கிரீமும் கொடுத்தார்கள்.

பட்டறைக்குள்

வாசலில் நின்று “போன்ஜோர்னோ” (வணக்கம்) சொல்லுங்கள், “பெர்மெஸ்ஸோ?” (உள்ளே வரலாமா?) என்று கேட்டுவிட்டுக் காலை உள்ளே வையுங்கள். கைவினைஞர் கையில் வேலை நடந்துகொண்டிருந்தால் நிமிரும்வரை பேச்சுக் கொடுக்க வேண்டாம். போட்டோவுக்குக் கேளுங்கள். கருவிகளைத் தொடாதீர்கள், எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும். பேரம் பேசுவது இங்கே மரியாதைக் குறைவு. ஒன்றும் வாங்காமல் வெளியே வரலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் ஒரு தாளாவது வாங்கிக்கொண்டுதான் வருவேன்.

எனக்குப் பிடித்தது கல் பதிக்கும் வேலை. இதற்கு முன்னால் வியா தெல்யி அல்ஃபானியில் இருக்கும் ஒப்பிஃபீச்சியோ தெல்லே பியெத்ரே தூரே அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டால் நல்லது. 1588இல் முதலாம் ஃபெர்தினாந்தோ தே மெதிச்சி தொடங்கிய அரண்மனைப் பட்டறையின் வாரிசு அது. பழைய வேலை மேசைகளும் கல் மாதிரிகளும் மேல்தளத்தில் இருக்கின்றன. பிறகு பட்டறையில் என்ன நடக்கிறது என்று கூர்ந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் கனமுள்ள கல் வில்லை, அதன் மேல் ஒட்டிய காகித வடிவம். ரம்பத்துக்குப் பதில் ஒரு வில்: வளைத்த மரக்கிளை, நாண் இடத்தில் இரும்புக் கம்பி. கம்பிக்குப் பல் கிடையாது. ஈரமான உராய்வுப் பொடியைக் கரண்டியால் எடுத்துக் கம்பியில் தடவிக்கொண்டே இழுக்கிறார், பொடிதான் கல்லைத் தின்கிறது. இதழின் சிவப்பு ஓரத்தில் வெளிறுவது சாயம் அல்ல. அப்படி வெளிறுகிற இடம் எந்தக் கல்லில் இருக்கிறது என்று தேடி எடுத்து அறுப்பதில்தான் பாதி நாள் போகிறது. துண்டுகளைச் சேர்த்து, தேன்மெழுகும் குங்கிலியம் போன்ற பிசினும் உருக்கிய பசையால் பின்னாலிருந்து ஒட்டுவார்கள். நல்ல வேலை என்றால் விரல் நுனியால் வருடும்போது இணைப்பு தட்டாது. பக்கத்தில் அதே போலத் தெரிகிற, விலை குறைந்த பலகை இருந்தால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கல் சில்லென்று இருக்கும். சாந்தில் நிறம் கலந்து செய்கிற ஸ்கல்யோலா அவ்வளவு குளிராது. அதுவும் நல்ல கலைதான், கல் விலை கொடுத்து வாங்காமல் இருந்தால் போதும்.

அலைக்கோலத் தாளில் சோதனை சுலபம். ஒரே டிசைனில் இரண்டு தாளைக் கேட்டுப் பக்கத்தில் வையுங்கள். அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் அது அச்சடித்தது. கூழ் போன்ற நீரில் சாயம் தெளித்து, சீப்பால் வாரி, தாளைப் படுக்கவைத்து எடுக்கிற வேலையில் இரண்டு தாள் ஒத்துப்போகவே போகாது. பித்தி சதுக்கத்தில் உள்ள ஜன்னீனி கடை 1856 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. தங்கமுலாம் பட்டறையில் சிவந்த களிமண் பூச்சைக் கவனியுங்கள், தங்கத் தகடு அதன் மேல்தான் உட்காருகிறது. அகேட் கல்லால் தேய்த்த பிறகே மின்னும். தகட்டை எடுக்கும் தூரிகையை அவர் முதலில் தன் கன்னத்தில் தடவிக்கொள்வார், தோலின் எண்ணெய்ப்பசையில் தகடு ஒட்டிக்கொள்ளும்.

பட்டு என்றால் சான் ஃப்ரெதியானோ பக்கம் அந்திகோ செத்திஃபீச்சியோ ஃபியொரெந்தினோ, 1786 முதல் அதே இடத்தில் நெய்கிறார்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டால்தான் தறிகளைப் பார்க்க முடியும். தோலுக்கு ஆற்றின் வடக்குப் பக்கம், சாந்தா குரோச்சே தேவாலயத்தின் பின்புறம் இருக்கும் ஸ்குவோலா தெல் குவோயோ என்ற தோல் வேலைப் பள்ளி. போரில் பெற்றோரை இழந்த பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க 1950இல் பிரான்சிஸ்கன் துறவிகளும் இரண்டு தோல் தொழில் குடும்பங்களும் சேர்ந்து தொடங்கியது. சந்தைக் கடைகளில் ‘நிஜத் தோல்’ முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், வெட்டிய விளிம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தெருவில் விரித்து விற்கிற போலி பிராண்டுப் பைகள் பக்கம் போகவே வேண்டாம், வாங்குபவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் போடச் சட்டம் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவராக இருந்து, ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் விலையில் சேர்ந்திருக்கும் வரியைத் திரும்பக் கேட்கலாம். 2024 பிப்ரவரிக்கு முன்னால் இந்த வரம்பு 150 யூரோவுக்கும் மேல் இருந்தது. எல்லாச் சின்னப் பட்டறைகளும் அதற்கான படிவத்தைப் போட்டுத்தருவதில்லை, அதனால் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள், பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். ஒன்றியத்தை விட்டுக் கிளம்புகிற கடைசி விமான நிலையத்தில் சுங்க அனுமதி வாங்க வேண்டும். பொருளைக் காட்டச் சொன்னாலும் சொல்வார்கள், ஆகவே பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே அந்தக் கவுண்டருக்குப் போய்விடுங்கள்.