கைப்பேசிக்கு முன் காகிதம்: கடற்கரைச் செடிகளை மாணவர்கள் இனங்காண

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களான தங்கச்சிமடத்திலிருந்தோ தேவிபட்டினத்திலிருந்தோ வரும் பிள்ளைகளுக்குச் செடிகொடிகள் புதியவை அல்ல; ஆனால் தாவரவியல் என்றவுடன் அது வேறு யாருக்கோ உரிய பாடம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஆகவே முதல் வாரம் கைப்பேசியை எடுக்க வேண்டாம். வீட்டைச் சுற்றியுள்ள ஐந்து செடிகளின் பெயரைப் பாட்டியிடமோ கடலுக்குச் செல்லும் பெரியவர்களிடமோ கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். ஒரே கொடியை ஒருவர் அடும்பு என்றும் மற்றொருவர் அடப்பங்கொடி என்றும் எழுதி வரும்போது, எது சரி என்ற வாக்குவாதம் வகுப்பில் தானாகவே தொடங்கிவிடும்.

களத்துக்கு நான்கு பேருக்கு ஒரு கைப்பேசி போதும். குறிப்பேடும் பென்சிலும் மட்டும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். பேனா மை உப்புக்காற்றின் ஈரத்தில் கசிந்துவிடும். இலையை வரைந்து, தன் ஊகத்தையும் அதற்கான காரணத்தையும் எழுதிய பிறகே, படத்தைக் கொண்டு செடியின் பெயரைச் சொல்லும் செயலியைத் திறக்கலாம் என்பதை மாற்றமில்லா விதியாக வையுங்கள். வரிசை மாறினால் திரையில் வரும் பெயரைப் பார்த்து எழுதும் வேலையாக அது சுருங்கிவிடும். ஊகம் எழுதிய பிள்ளையோ, தான் வென்றோமா செயலி வென்றதா என்று பார்க்கத் துடிக்கும்.

செயலி தோற்கும் இடங்களை முன்கூட்டியே தேர்ந்து வைப்பது நல்ல உத்தி. பூக்காத உடைமரக் கிளையைப் படமெடுத்தபோது, எங்கள் குழுவுக்கு வந்த பரிந்துரைகளில் ஆப்பிரிக்க வேலமரம் ஒன்று முதலில் நின்றது. பக்கத்திலேயே சீமைக்கருவேலம் இருந்ததால், இரண்டின் பூக்களையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தோம்: உடையின் பூ வெண்மையான சிறு உருண்டை, சீமைக்கருவேலத்தின் பூ விரல்போல் நீண்டு மஞ்சளாகத் தொங்குவது. அன்று முதல் அந்தக் குழு பூவில்லாமல் படம் எடுப்பதில்லை. முழுச் செடி, இலையின் முன்புறம், பின்புறம், பூ, காய் எனத் தனித்தனியே எடுக்க வேண்டும் என்பதை நான் சொல்லவே தேவைப்படவில்லை.

அடும்பின் அறிவியல் பெயரான இப்போமியா பெஸ்-காப்ரே என்பதன் பிற்பகுதிக்கு ஆட்டின் பாதம் என்று பொருள். சங்கப் புலவரோ அதே இலையை மானின் அடிக்கு ஒப்பிட்டார். எது பொருத்தம் என்று வரைந்து காட்டச் சொன்னால், வரையவே மாட்டேன் என்பவரும் வரைவார். தனுஷ்கோடி மணலில் காற்றில் உருண்டோடும் முள்பந்து, இராவணன் மீசைப் புல்லின் பெண் கதிர் என்பதை அதைத் துரத்திப் பிடித்த பிள்ளை மறக்காது.

சிறிய வகுப்புகளுக்குப் பயனர் கணக்கே தேவைப்படாத சீக் (Seek) செயலி ஏற்றது. பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) தளத்தில் 13 வயதுக்குட்பட்டவர் தாமாகக் கணக்குத் தொடங்க இயலாது என்பதால், ஆசிரியர் கணக்கிலிருந்தே பதிவேற்றலாம். வீட்டு வாசலில் எடுத்த படங்களுக்கு இருப்பிடத்தை மறைத்துவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் எடுத்ததைப் பள்ளிக்கு வந்தும் ஏற்றலாம்.

செடியை அழுத்திக் காயவைக்கப் பழைய செய்தித்தாள் போதும், ஆனால் தாளைத் தினமும் மாற்ற வேண்டும். சதைப்பற்றுள்ள உமரியைக் கொதிநீரில் ஒரு முறை முக்கி எடுத்து வைக்காவிட்டால், தாளுக்குள்ளேயே பல நாள் பச்சையாக இருந்து பூஞ்சணம் பிடிக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அதைப் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை என்பதால், அங்கிருந்து ஓர் இலையும் எடுத்து வரக் கூடாது. காரங்காட்டு அலையாத்திக் காட்டிலும் இலையின் மேல் படிந்த உப்புத் துகளைப் பார்த்து, கிள்ளாமல் திரும்புவதே முறை.

பெயர் கிடைக்காத தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஊர், தேதி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றோடு வகுப்புச் சுவரில் ஒட்டி, பெயருக்கான இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகள் முதலில் போய் நிற்பது அந்தச் சுவரின் முன்தான்.