பாட்டு செற் வாங்கும்போது காசை எதில் போடுவது?

கையில் 100,000 ரூபா இருந்தால், 60,000ஐ ஸ்பீக்கர் சோடிக்கென்று முதலில் ஒதுக்கிவிடுங்கள். அம்பிளிபயருக்கு 25,000 போதும். மிச்சம் அறைக்கும் வயருக்கும். பாட்டுக்குக் கையிலுள்ள போனே காணும்.

ஸ்பீக்கருக்கு ஏன் இவ்வளவு? ஒழுங்கான அம்பிளிபயரை அளவோடு பாடவிட்டால் ஒலியில் வரும் பிசகு 0.1 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. ஸ்பீக்கரிலோ, தாழ்ந்த சுரங்களில் அது சில சதவீதம் வரை போகும். காதுக்குப் படும் வித்தியாசம் அங்கேதான்.

வாங்கும்போது உணர்திறன் எண்ணைப் பாருங்கள்; ஒரு வாட்ஸுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்று டெசிபலில் சொல்வது அது. 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும். 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் காணும் இடத்தில் 84 டெசிபல் ஸ்பீக்கர் 80 வாட்ஸ் கேட்கும். சின்ன அம்பிளிபயரை முழுக்கத் திருகினால் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டு, முதலில் எரிவது ட்வீட்டர், அதாவது உயர்ந்த சுரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர்.

திருகோணமலையில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடென்றால் மாரியில் வாடைக்காற்று கடலிலிருந்து நேரே உள்ளே வரும். ஸ்பீக்கரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பான கோனைச் சுற்றியுள்ள விளிம்பு ஸ்பொஞ்சாக இருந்தால் இந்த ஈரவெக்கையில் சீக்கிரம் உக்கிப்போகும்; றப்பர் விளிம்பையே எடுங்கள். பழைய ஸ்பீக்கரென்றால் விளிம்பை விரலால் மெல்லத் தொடுங்கள்: பொடி ஒட்டினால் வேண்டாம். பிறகு இரண்டு கையாலும் கோனைச் சமமாக, மெதுவாக உள்ளே அமத்துங்கள். சரசரவென்று உரசினால் கோனுக்குப் பின்னாலுள்ள கம்பிச்சுருளான கொயில் கோணிவிட்டது, விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். பின்னால் வயர் பூட்டும் இடத்தில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அம்பிளிபயரில் சத்தம் கூட்டும் திருகி கரகரத்தால் பெரும்பாலும் கொன்டாக்ட் கிளீனர் ஒரு தடவை அடித்தால் தீரும். அதற்காகப் புதியது வாங்கத் தேவையில்லை.

அடுத்தது அறை, பலரும் ஒரு சதமும் ஒதுக்காத இடம். மாபிள் தரையும் வெறும் சுவரும் உள்ள ஹோலில் கை தட்டிப் பாருங்கள். கணீரென்று எதிரொலித்தால் பாட்டின் சொற்களும் அப்படித்தான் கலங்கும். மெல்லிய பாய் போட்டுப் பயனில்லை. ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் நடுவில் தடித்த கம்பளம், யன்னலுக்குக் கனத்த திரைச்சீலை, பக்கச்சுவரில் புத்தகம் நிறைந்த அலுமாரி: இவ்வளவுக்கே பெரிய மாற்றம் தெரியும். ஸ்பீக்கரை மூலையில் தள்ளாமல் சுவரிலிருந்து 1 முதல் 2 அடி முன்னே, ட்வீட்டர் காது மட்டத்தில் நிற்க வையுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும் அவற்றிலிருந்து உங்கள் கதிரைக்குள்ள தூரமும் ஒன்றாக இருக்கட்டும். கதிரையைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் பேஸ் என்ற தாழ்ந்த ஒலி குமுறும்.

வயருக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். 5 மீற்றருக்குள் 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் தாராளம். நுனி கறுத்தால் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவிப் பூட்டுங்கள். இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்துவது மட்டும் காணாது.