மடிக்கணினியிலிருந்து நடன அரங்கின் விளக்குகளை இயக்குவது எப்படி

விளக்குகளைக் கணினியில் இயக்க முனையும் டிஜேக்கள் பெரும்பாலும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். ஆனால் கூட்டம் நிறைந்திருக்கும் வேளையில் காலை வாருவது அநேகமாகக் கேபிளும் முகவரியும்தான்.

மேடை விளக்குகளுக்குக் கட்டளை அனுப்ப 1986-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட டிஎம்எக்ஸ் 512 என்னும் முறையில், ஒரு கேபிள் தொடரில் 512 சேனல்கள், அதாவது நிறம், ஒளியளவு போன்றவற்றைத் தனித்தனியே கட்டுப்படுத்தும் கட்டளை வழிகள், செல்லும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை மதிப்பேற்கும். ஏழு சேனல் எல்இடி பார் விளக்குகள் நான்கு இருந்தால், அவற்றின் பின்புறத் திரையில் தொடக்க முகவரிகளை (ஒவ்வொரு விளக்கின் முதல் சேனல் எண்ணை) 1, 8, 15, 22 என்று அமைக்க வேண்டும். இரண்டுக்கு ஒரே முகவரி கொடுத்தால் இரண்டும் ஒன்றுபோல இயங்கும்; மேடையின் இருபுறமும் ஒரே நிறம் வேண்டுவோருக்கு இது வசதியே.

கேபிளை ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகவே இணைக்க வேண்டும். இடையில் கிளை பிரிக்கக் கூடாது. ஒரு தொடரில் 32 கருவிகளுக்கு மேல் சேர்க்காமல், கடைசி விளக்கில் சிக்னல் கேபிளின் முனையில் பட்டுத் திரும்பாமல் தடுக்கும் 120 ஓம் டெர்மினேட்டரைச் செருகிவிடுங்கள். மைக் கேபிள் பொருந்தும் என்பதற்காக அதையே பயன்படுத்துவது, தூரம் கூடும்போது விளக்குகளைக் காரணமின்றித் துடிக்க வைக்கும்.

கணினிக்கும் விளக்குக்கும் இடையிலான யூஎஸ்பி கருவியில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பேன். மலிவானவை சிக்னலின் நேரக்கணக்கைக் கணினியிடமே விட்டுவிடுவதால், அதே கணினியில் பாட்டும் ஓடும்போது தடுமாறும். சொந்த நுண்செயலி (புராசஸர்) உள்ளவற்றில் அந்தத் தொல்லை இல்லை.

மென்பொருளுக்கு, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கும் க்யூஎல்சி பிளஸ் போதும். அதில் விளக்கைச் சேர்க்கும்போது, விளக்கின் திரையில் உள்ள சேனல் எண்ணிக்கையும் மென்பொருளில் தேர்ந்தெடுக்கும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கட்டும். இல்லையேல் சிவப்பைக் கேட்டால் ஸ்ட்ரோப், அதாவது விட்டுவிட்டு மின்னும் ஒளி, வரும். பின்னர் ஆறேழு நிறக் காட்சிகளைப் பதிந்து, அவற்றை அடுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகத் தானே மாறும் சேஸர்களாக்கி, விர்ச்சுவல் கன்சோல் என்னும் திரைக் கட்டுப்பாட்டுப் பலகையில் பொத்தான்களாக வையுங்கள். நிமிடத்துக்கு 128 தாளம் கொண்ட இசையில் ஒரு தாளம் ஏறத்தாழ 0.47 விநாடி, ஒவ்வொன்றுக்கும் நிறம் மாற்றினால் கண் சலிக்கும் என்பதால், நான்கு தாளத்துக்கு ஒருமுறை, அதாவது 1.88 விநாடிக்கு ஒருமுறை மாற்றுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஸ்ட்ரோபில் மட்டும் கை கட்டுப்பட வேண்டும். ஒளித்துடிப்பால் வலிப்பு வரக்கூடியோரைக் கருதி, பிரிட்டனின் பாதுகாப்பு வழிகாட்டுதல் விநாடிக்கு நான்கு மின்னல்களுக்கு மேல் போகாதிருக்கச் சொல்கிறது. அந்த வரம்பை மென்பொருளிலேயே அமைத்து, எல்லா விளக்கையும் அணைக்கும் பொத்தானைக் கைக்கெட்டும் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.