ட்யூப்லெஸ் வீலில் ட்யூப் டயர்: இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஸ்கூட்டரின் பின் டயர் தேய்ந்துவிட்டது என்று கடைக்குப் போனால், "ட்யூப் டயர் போட்டுக்கோங்க, விலை கம்மி, உள்ள ஒரு ட்யூப் விட்டா முடிஞ்சுது" என்று சில இடங்களில் சொல்வார்கள். உங்கள் வண்டியில் இருப்பது ட்யூப்லெஸ் வீல் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ட்யூப்லெஸ் ரிம்முக்குள், டயரின் விளிம்பு (பீடு என்பார்கள்) உட்காரும் இடத்தை ஒட்டி ஒரு சின்ன மேடு சுற்றிலும் ஓடும். காற்று குறைந்தாலும் பீடு நழுவி உள்ளே விழாமல் பிடித்து வைப்பது அதுதான். ட்யூப் டயரின் பீடு அந்த ரிம்முக்காகச் செய்யப்பட்டதில்லை. அது சரியாக உட்காராமல் போகலாம், உட்கார்ந்த மாதிரி தெரிந்தாலும் பிரேக் பிடிக்கப் பிடிக்க ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகரலாம், நகரும்போது ட்யூபையும் சேர்த்து இழுக்கும், ஆனால் வால்வு ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டிருப்பதால் கூடவே நகர முடியாது. வால்வு சாய்ந்து, அடிப்பக்கம் கிழிந்து, ஓடுகிற வண்டியில் காற்று மொத்தமாக இறங்கிவிடும். ஹோண்டாவின் பைக் கையேடுகளிலேயே ட்யூப் டயரை ட்யூப்லெஸ் ரிம்மில் மாட்டக்கூடாது என்று எச்சரிக்கை இருக்கிறது.

அந்த ஓட்டையும் ஒரு பிரச்சினை. ட்யூப்லெஸ் ரப்பர் வால்வுக்கான ஓட்டை சுமார் 11.5 மி.மீ., பைக் ட்யூபின் பித்தளைத் தண்டு சுமார் 8 மி.மீ.தான். சரியான வாஷர் இல்லாமல் விட்டால் தண்டு ஆடிக்கொண்டே இருக்கும், ஓட்டையின் விளிம்பு ட்யூபை அறுக்கும்.

ட்யூப் டயரை ட்யூப் இல்லாமலே மாட்டுவது இதைவிட மோசம். ட்யூப்லெஸ் டயரின் உட்புறம் காற்றை வெளியே விடாத ஒரு ரப்பர் படலம் உண்டு, ட்யூப் டயரில் அது கிடையாது.

இன்னொரு பழக்கம், நாலைந்து பஞ்சர் ஆன ட்யூப்லெஸ் டயருக்குள்ளேயே ட்யூபைத் திணிப்பது. பஞ்சர் ஓட்டையை அடைக்கச் செருகிய பழைய ரப்பர் ஸ்ட்ரிப்களின் முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டு ட்யூபைத் தேய்க்கும், ட்யூபும் டயரும் உரசிச் சூடேறும், சூட்டில் ட்யூப் வெடிக்கலாம். ஆணி ஏறினால் ட்யூப்லெஸ்ஸில் பெரும்பாலும் மெதுவாகத்தான் காற்று இறங்கும், பார்த்து ஓரம் கட்ட நேரம் கிடைக்கும். ட்யூப் போட்டதும் அந்த நன்மையும் போச்சு. ராத்திரியில் நெடுஞ்சாலையில் வேறு வழியே இல்லை என்றால் போட்டுக்கொண்டு, மெதுவாக ஓட்டி, முதலில் வரும் ஊரில் டயரை மாற்றிவிடுங்கள்.

தினமும் காற்று குறைகிறது என்பதற்காகவும் ட்யூப் போடாதீர்கள். சோப்புத் தண்ணீரை வால்வின் அடியிலும் ரிம் ஓரத்திலும் தடவி, வால்வை லேசாக வளைத்துப் பாருங்கள். வெடிப்பு விட்ட வால்வு ரப்பரிலிருந்து பொடிப்பொடியாய் நுரை வந்தால் வால்வை மாற்றினாலே சரி. ரிம் ஓரத்தில் நுரைத்தால் டயரைக் கழற்றி, பீடு உட்காரும் இடத்தில் இருக்கும் துருவையும் அழுக்கையும் சுத்தம் செய்து மாட்டச் சொல்லுங்கள். ரிம் நெளிந்திருந்தால் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

புது டயர் வாங்கும்போது பக்கவாட்டில் 'ட்யூப்லெஸ்' என்று அச்சாகியிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் வால்வையும் பாருங்கள்: அலாய் வீலில் ரப்பர் வால்வுக்குப் பதில் நட் போட்ட உலோகத் தண்டு தெரிந்தால், உள்ளே ட்யூப் இருக்கலாம், பஞ்சர் கடையில் கழற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.