பொலிகுதிரை: எந்தச் சீட்டு எதைச் சொல்கிறது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பந்தய வண்டிக்குக் குதிரை வாங்குகிறவர்கள் முதலில் சுழி பார்ப்பார்கள், அடுத்து உயரம், கடைசியில் காகிதம். புரவி எடுப்புக்குச் செய்யும் மண்குதிரைக்கு அழகு போதும். பெட்டையோடு சேர்க்கப்போகும் பொலிகுதிரைக்குப் போதாது.

பதிவுச் சீட்டை, பொலிக்கு விடும் உரிமம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. மார்வாரிக் குதிரையின் பதிவு இனத்தையும் அடையாளத்தையும் சொல்லும். குட்டி எப்படி இருக்கும் என்று சொல்லாது. தரோபிரெட் பந்தயக் குதிரைக்கு உடற்கட்டுத் தேர்வே கிடையாது, பந்தய மைதானம்தான் தேர்வு. வம்சாவளிப் பதிவேட்டை வைத்திருக்கும் இந்திய ஸ்டட் புக் ஆணையம் தாய் தகப்பனை டிஎன்ஏ மூலம் உறுதிசெய்யும், அவ்வளவுதான். செயற்கைக் கருவூட்டலில் பிறந்த தரோபிரெட் குட்டிக்குப் பதிவே கிடைக்காது. ஆகவே ‘விந்து ஊசி தருகிறோம்’ என்று யாராவது வந்தால் எழுந்துவிடுங்கள்.

‘ஜெர்மனியில் பாஸான குதிரையின் வாரிசு’ என்று விற்பவர்கள் சொல்வார்கள். அங்கே ‘கோருங்’ என்ற தேர்வு ஏறக்குறைய இரண்டரை வயதில் நடக்கிறது: எக்ஸ்ரே, கெட்டித் தரையில் நடை, ஆள் ஏறாமல் ஓட்டமும் தாண்டலும். அது வாசற்படிதான். அதன்பிறகு ஏறி ஓட்டிப் பார்க்கும் திறன் தேர்வு உண்டு. நெதர்லாந்தின் ஃப்ரீசியன் இனக் குதிரைச் சங்கம் இன்னும் கறார்; குட்டிகளையும் பார்த்து, சரியில்லை என்றால் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறும். ஐஸ்லாந்தில் உடற்கட்டுக்குத் தனி மதிப்பெண், ஆள் ஏறி ஓட்டும் நடைகளுக்குத் தனி மதிப்பெண். எந்தக் கட்டம் வரை தேறியது என்று கேளுங்கள்.

பிரிட்டனின் 1918ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் மறுக்க ஒரு நோய்ப் பட்டியலே வைத்திருந்தது: கண்புரை, ஓடும்போது தொண்டை இரைச்சல், பின்னங்காலை வெடுக்கென்று தூக்குவது, குளம்புக்கு மேலே எலும்பு வளர்வது. நம் சந்தையில் சுழிக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

பெரிய நஷ்டம் விந்துப் பரிசோதனையில்தான். ஒருமுறை எடுத்துப் பார்த்தால் சேமிப்பில் இருந்ததுதான் தெரியும். ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டுமுறை எடுக்க வேண்டும். இரண்டாவதில் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகும். அதிலும் நேராக நீந்தும் நல்ல வடிவ உயிரணுக்கள் 100 கோடியாவது இருக்க வேண்டும். அப்படித் தேறினால் ஒரு பருவத்துக்கு நேரடிச் சேர்க்கையில் 40 பெட்டைகள் வரை தாங்கும். உயிரணு உருவாக ஏறக்குறைய 57 நாள் ஆவதால், காய்ச்சலோ கடும் வெயிலோ பட்ட பாதிப்பு இரண்டு மாதம் கழித்தும் தெரியும். சித்திரையில் வாடிய குதிரையை வைகாசியில் பார்த்து ‘மலடு’ என்று தள்ளிவிடாதீர்கள், 60 நாள் கழித்து மறுபடி பாருங்கள். விதைப்பையின் அகலம் 8 செ.மீ.க்குக் குறையக் கூடாது. விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது மருத்துவர் வேலை. ஒற்றை விதைக் குதிரையிடமும் பெட்டை சினைப்பிடிக்கும். ஏமாறுவது அங்கேதான், ஏனெனில் அந்தக் குறை குட்டிக்கும் வரக்கூடும்.

கிளாண்டர்ஸ் நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்யாமல் வெளியூர்க் குதிரையைத் தொழுவத்தில் ஏற்றாதீர்கள். அது மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் குதிரையைக் கொன்றுவிட வேண்டும்.