ஹனோய்–டா நாங் ரயிலில் அம்மாவின் சாப்பாடு: என் அனுபவம்

வியட்நாமில் ஹனோயிலிருந்து டா நாங் வரை ரயில் பாதை 791 கிலோமீட்டர். நம் பழைய தென்காசிப் பாதை போல அதுவும் மீட்டர்கேஜ். பதினாறு, பதினேழு மணி நேரம் ஆகிவிடும். கூட வந்த அம்மாவோ முட்டைகூடத் தொடாதவர். முழங்கால் வலி வேறு.

படுக்கை விஷயம் எளிதில் முடிந்தது. ஆறு படுக்கை அறையில் நிமிர்ந்து உட்கார இடம் போதாது. நான்கு படுக்கை அறையில் கீழ்ப்படுக்கையாகப் பார்த்து முன்பதிவு செய்தேன்.

சாப்பாடுதான் பெருங்கவலை. அங்கே காய்கறிப் பதார்த்தத்திலும் மீன் சாறு சேர்ப்பது வழக்கம். ஆனால் ரயில் பெட்டியின் ஓரத்தில் வெந்நீர்க் குழாய் உண்டு. அதை நம்பியே திட்டமிட்டோம். பாளையங்கோட்டை வீட்டிலேயே அவலை வறுத்து, கடுகு, உளுந்து, வேர்க்கடலை, மிளகாய் வற்றல் தாளித்துக் கொட்டி, உப்பும் பெருங்காயமும் கலந்து பொட்டலம் கட்டினோம். ரயில் வெந்நீர் தளதளவென்று கொதிக்காது. அதனால் ஃபிளாஸ்க்கில் வைத்திருந்த நீரை ஊற்றிப் பரீட்சை செய்தோம். வறுத்த ரவை வேகாமல் நறநறத்தது. அவல் பத்து நிமிடத்தில் பூப்போல ஊறிவிட்டது. கெட்டி அவலாகவே வாங்குங்கள், மெல்லிய அவல் குழைந்துவிடும். இறுக்க மூடும் எவர்சில்வர் டப்பா கட்டாயம் வேண்டும். தொட்டுக்கொள்ள உப்பு நார்த்தங்காய் போதும். எண்ணெய் ஊறுகாயை விமானத்தில் கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள். பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

மறுநாள் ஹுவே வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அதன்பின் ஹாய் வான் மலைச்சரிவில் இடப்பக்கம் கடல் கூடவே வரும். அம்மா அன்று தண்ணீர் குடிக்கக்கூடத் திரும்பவில்லை.